ஆசை தந்த குளிசை

ஜனவரி 27, செவ்வாய்

வாடைக்காற்று. விடியற்காலை தூறல், பிறகு வெளித்துவிட்டது. உடுப்புக் காயவில்லை.

கா. 6.00 பழைய குளிசை. 6.30 புதுக் குளிசை. 12.00 பழையது, புதியது இரண்டும். மாலை 6.00 அதேபோல்.

டொக்டர் இன்று முதல் நேரம் எழுதச் சொன்னார். எப்போது கை நடுங்குகிறது, எப்போது கால் இறுகுகிறது, எப்போது குளிசை. அவருக்கு அவ்வளவு போதும். மற்றதெல்லாம் எனக்கு. இந்தக் கொப்பி அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே இருக்கும்.

எழுத்து சிறுத்துச் சிறுத்து எறும்பு வரிசையாகப் போகிறது. இருபத்தெட்டு வருடம் மன்னாரில் பேசாலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்து, வகுப்பின் கடைசி வாங்குக்கும் தெரிய எழுதிய கை.

நடுக்குவாதம் வந்த இரண்டு வருடத்தில் நடுக்கத்தை எல்லோரும் கண்டார்கள். மற்றதை ஒருவரும் காணவில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தால் வெயில் பாதத்தில் தொடங்கி முழங்காலில் ஏறி மடிக்கு வந்து, பிறகு சுவருக்குப் போய்விடும். நிழலுக்கு நகரவேண்டும் என்று தோன்றாது. கவலை என்றும் சொல்ல முடியாது. கவலைப்படுவதற்கும் கொஞ்சம் ஆசை வேண்டும்போலிருக்கிறது.

புதுக் குளிசை தொடங்கி ஐந்து கிழமை. போன சனிக்கிழமை ஒருவரும் சொல்லாமல் எழுந்துபோய் அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்தேன். இவர் கதவடியில் வந்து நின்றார்.

"என்ன செய்யிறாய் றெஜினா?"

"கண்ணாடி ஊத்தையாக் கிடக்கு."

உடனே வேலிக்கரைக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பிலோமினாவிடம் சொல்லிவிட்டார். பெரிய செய்தி. சவிரிமுத்துவின் மனைவி கண்ணாடி துடைக்கிறாள்.

மூளையில் டோபமின் என்ற பொருள் குறைந்துவிட்டதாம். அது கை கால் அசைய மட்டுமில்லை, "எழும்பு, போ, அதை எடு" என்று உள்ளுக்கிருந்து தள்ளுவதும் அதுதான் என்றார் டொக்டர். பழைய குளிசை மூளைக்குள் போய் அந்தப் பொருளாகவே மாறுகிறது. புதியது மாறுவதில்லை. அதைப்போல நடிக்கிறது. மூளை நம்பிவிடுகிறது.

நம்பட்டும்.


ஜனவரி 29, வியாழன்

காற்றுக் குறைவு. கை நல்லம். கடற்கரைக்கு நானாகவே நடந்தேன்! இரண்டு வருடத்துக்குப் பிறகு.

வாடைக்குக் கரையொதுங்கியவை: இந்தியாவின் எண்ணெய்ப் போத்தல்கள், மிதவைக் கட்டை, பல்துலக்கி, தலை இல்லாத பொம்மை, சாதாழைக் கடற்புல், செருப்பு, செருப்பு, செருப்பு. கடல் ஏன் இவ்வளவு செருப்பைக் கொண்டுவருகிறது என்று தெரியவில்லை.

ஒரு பச்சை இறப்பர் செருப்பு, வலது கால். காலால் தட்டிவிட்டு நடந்தேன். இருநூறு யார் தூரம் தள்ளிச் சாதாழைக்குள் இன்னொன்று. பச்சை. இடது. அதே குதிக்கால் தேய்வு, அதே வார். திரும்பிப் போய் முதலாவதையும் எடுத்தேன். எங்கோ ஒருவருடைய இரண்டு கால்கள் தனித்தனியாகக் கடல் தாண்டி என் கையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து நின்றது. எப்படி எழுதுவது? முதல் பிள்ளை முதல் தரம் சிரித்தபோது இருந்த மாதிரி. ஒரு செருப்புக்கு.

கடல் பால்போல வெளிறிக் கிடந்தது. வள்ளங்கள் தண்ணீரில் இல்லாமல் வெளிச்சத்தில் மிதப்பதுபோல. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.


ஜனவரி 30, வெள்ளி

காலையிலேயே போனேன். சோடி கிடைக்கவில்லை. ஒற்றை பதினொன்று. எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். சோடி நாளைக்கு ஒதுங்கலாம் அல்லவா?

இவருக்குச் சந்தோசம். "நட, நட. நடந்தால் நல்லது."

பின்னேரமும் போனேன்.


பெப்ரவரி 3, செவ்வாய்

மேகம். பஞ்சுபோல் எல்லாம்.

பின்வளவில் உரப்பையை விரித்துச் செருப்புகளை அடுக்கியிருக்கிறேன். நிறப்படி. பிறகு அளவுப்படி. பிறகு திரும்ப நிறப்படி. மதியச் சோறு ஆறிப்போனது. எங்கே போனது இரண்டு மணித்தியாலம்?

ஒரு விசயத்தை மறக்கமுன் எழுதவேண்டும். அந்தச் சந்தோசம் இடம் மாறுகிறது.

முதல் நாள் சோடி கண்டபோது வந்தது. பிறகு செருப்பைத் தூரத்தில் கண்டாலே வந்தது. பிறகு பையைக் கையில் எடுக்கும்போது. இன்று காலை குளிசைப் போத்தல் கிலுங்கிய சத்தத்துக்கே வந்துவிட்டது. கரையில் இன்று ஒரு சோடி கிடைத்தது, கறுப்பு. கையில் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எதிர்பார்த்தது வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கிடைக்காத நாட்களில் மட்டும் நெஞ்சில் ஒரு குழி.

கிடைத்தால் ஒன்றுமில்லை, கிடைக்காவிட்டால் குழி, கிடைக்கலாம் என்றால் சொர்க்கம். அப்படியென்றால் எதற்குப் போகிறேன்?

மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறும் நாயை வருடா வருடம் பலகையில் படம் போட்டுக் காட்டினேன். வாலை மட்டும் சரியாகப் போடவராது. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

(பிலோமினாவுக்கு அரிசிச் சுளகைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.)


பெப்ரவரி 7, சனி

கிணற்றடியில் நிற்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு. பிலோமினா யாருக்கோ சொல்கிறாள்:

"தம்பியைத்தான் தேடுறா, பாவம். மரியதாஸ் சண்டைக்குள்ள போட்டில இந்தியாவுக்கெண்டு போனவன். போட் போய்ச் சேரேல்ல. மனுசி இப்ப கரையில செருப்புப் பொறுக்குது. கேக்கேலுமே?"

கையில் வாளியோடு நின்றுவிட்டேன்.

இல்லை. மரியதாஸ் நினைவு ஒரு நாள்கூட வரவில்லை. இதுதான் உண்மை, இந்தக் கொப்பியில் மட்டும். ஒரு செருப்பைப் பார்த்தும் இது அவனுடையதோ என்று நினைத்ததில்லை. அவன் போனபோது செருப்புப் போட்டிருந்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவனை நினைத்து அழுத வருடங்களில் நான் கரைக்கே போகவில்லை. இப்போது போகிறேன், அவன் இல்லாமல்.


பெப்ரவரி 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. முதல் மணி கேட்டது, சேலை மாற்றவேண்டும் என்று நினைத்தேன். நீலச் செருப்புகளை முடித்துவிட்டு எழும்பலாம் என்று இருந்தேன். மூன்றாம் மணியும் அடித்து, பூசையும் முடிந்து, சனம் வீட்டுக்குப் போகிற சத்தம்.

இவர் கோயிலிலிருந்து வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இவருடைய இரண்டு கண்ணிலும் வெண்படலம், வலது மோசம், நீலமும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, என் பக்கம் தள்ளினார்.

"இது அதின்ர சோடியோ?"

"இல்லை. அது சின்னன்."

"ம். நீ எவ்வளவு காலம் வேணுமெண்டாலும் தேடு றெஜினா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

பிலோமினா இவருக்கும் சொல்லிவிட்டாள். மரியதாஸுக்காக என்று நம்பித்தான் பக்கத்தில் இருக்கிறார்.

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் இந்தச் செருப்புகளை எறிந்துவிடுவார் என்று பயம். தம்பியின் பெயருக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.


பெப்ரவரி 9, திங்கள்

நாளைக்கு இவருக்குக் கண் ஒப்பரேசன். ஏழரைக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். ஒரு ஆள் கூட வரவேண்டும் என்று துண்டில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், நான்தான் போகவேண்டும். வெள்ளைச் சேட், துவாய், பழைய கண்ணாடி, துண்டு எல்லாம் பையில் வைத்தாயிற்று. ஓட்டோ ஆறே முக்காலுக்கு.

"நீ பக்கத்தில நிண்டால் எனக்குப் பயமில்லை" என்றார். புயலுக்குள் வள்ளம் ஓட்டிய ஆள்.


பெப்ரவரி 11, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை.

நேற்று ஐந்தரைக்கு எழும்பினேன். வெளிக்கிட்டு முடிந்தபோது மணி ஆறு. முக்கால் மணித்தியாலம் இருந்தது. இரவு காற்றடித்திருந்தது. காற்றடித்த மறுநாள் கரையில் நிறைய ஒதுங்கும். ஐந்து நிமிடம் மட்டும் என்று போனேன். குளித்து, நல்ல சேலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் செருப்போடு.

சூரியன் வரவில்லை. மணல் முழுக்க நீலச் சாம்பல் நிறம். ஒரு சிவப்பு, இடது. அதன் வலது கொஞ்சம் தள்ளி இருக்கும். இருக்காவிட்டால் அதற்கும் கொஞ்சம் தள்ளி. கால்கள் தாமாகவே போயின. யாரோ முன்னால் ஒரு நூலைப் பிடித்து மெதுவாக இழுக்கிற மாதிரி. இவரை மறந்தேன் என்று சொல்வதும் பொய். நினைவிருந்தது. இவர் வீட்டு வாசலில் பையோடு நிற்பது மனதில் தெரிந்தது, மிகத் தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர் போல. அடுத்த செருப்பு கிட்டத்தில் இருந்தது.

ஓட்டோ வந்திருக்கிறது. இவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வளவைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். கடைசியில் பிலோமினா உலையை இறக்கிவைத்துவிட்டு, உடுத்திய உடுப்போடு இவருடன் போயிருக்கிறாள்.

எனக்கு வெயில் சுடத் தொடங்கியபோதுதான் நேரம் தெரிந்தது. தலைமன்னார்ப் பக்கமாக எவ்வளவு தூரம் வந்தேனோ! மதியக் குளிசை வீட்டில். திரும்பினேன். பத்தடி நடந்திருப்பேன், கால் நின்றுவிட்டது. மணலில் ஒட்டியமாதிரி. மேல் உடம்பு போகப் பார்க்கிறது, பாதம் மாட்டேன் என்கிறது. விழாமல் நிற்பதே வேலை. கையில் பை. பையை விடவில்லை. அதை நினைக்கத்தான் வெட்கம்.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. வெயில், உப்பு, வெள்ளைக் கடல். நான் நிற்கிறேனா, யாரோ நிற்பதை நான் பார்க்கிறேனா என்று தெரியாத மாதிரி. பிறகு தூரத்தில் ஒரு ஆள். வெள்ளைச் சேட். வலது கண்ணில் பெரிய பஞ்சுக் கட்டு, மேலே பிளாஸ்டிக் மூடி. ஒற்றைக் கண்ணோடு, மணல் ஒழுங்காகத் தெரியாமல், ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறார். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தூசி படக்கூடாது என்று அனுப்பப்பட்டவர். காற்று மணலை அள்ளி வீசுகிறது.

"றெஜினா!"

என்னால் கையைக்கூட அசைக்க முடியவில்லை.

கிட்ட வந்தார். குளிசையும் சிறிய தண்ணீர்ப் போத்தலும் சேட்பையில் இருந்தன. வாயில் வைத்தார்.

"கால் வரேல்லை" என்றேன்.

"பொறு."

முன்பு கிளினிக்கில் நர்ஸ் நிலத்தில் தடியைக் கிடையாக வைத்து, அதைத் தாண்டச் சொல்லிக் காட்டியது இவருக்கு நினைவு வந்திருக்கிறது. தாண்டுவதற்கு ஒன்று கண்ணுக்கு முன்னால் இருந்தால் இறுகிய கால் எழும்பும். அங்கே தடி இல்லை. என் பையை வாங்கிக் கவிழ்த்தார். குனியக்கூடாதவர், நின்றபடியே ஒவ்வொரு செருப்பாகக் காலால் தள்ளி, ஓரடிக்கு ஒன்றாக எனக்கு முன்னால் குறுக்கே வைத்தார்.

"இதைத் தாண்டு. ம். இனி அதை."

தாண்டினேன். முடிந்த செருப்புகளை மறுபடி காலால் முன்னுக்குத் தள்ளினார். மறுபடி தாண்டினேன். குளிசை வேலை செய்யும்வரை அப்படியே வந்தோம். கரைவலைக்காரர் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வழியில் ஒரே ஒரு தரம் கேட்டார். "எனக்குப் பயமாயிருந்தது. உனக்குத் தெரியுமெல்லே?"

தெரியும் என்றேன்.


பெப்ரவரி 12, வியாழன்

கை நடுக்கம் கூடிவிட்டது. எழுத்துக் கோணல்.

இவருடைய கண் சிவந்திருக்கிறது. மணல் பட்டிருக்கும். என்னால்.

இவ்வளவுக்குப் பிறகும் காலையில் போத்தல் கிலுங்கியபோது உள்ளே அது எழும்பியது. வாசல்வரை போய்ப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.


பெப்ரவரி 13, வெள்ளி

பிலோமினா இவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். கொஞ்சம் கீறல், வேறு துளிமருந்து தந்திருக்கிறார்கள். மாறிவிடுமாம். தேவனே நன்றி.

மாலை ஜெசீமா ரீச்சர் வந்தார். எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ்ஸில், வட்டிலப்பத்தோடு. என்னோடு ஒன்றாகப் படிப்பித்தவர். புத்தளத்தில் இருபது வருடத்துக்கு மேல் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவரிடம்தான் முதலில் வாய் திறந்தேன். செருப்பு எல்லாம் சொன்னேன். தம்பிக்காக இல்லை என்பதையும்.

அவர் சிரிக்கவில்லை. "குளிசைப் பெட்டி எங்க?"

பெட்டிக்குள் மடித்த தாள், பிரிக்காமலே கிடந்தது. ஏழு கிழமையாக இந்தக் குளிசையை விழுங்குகிறேன், ஒரு தரமும் விரித்துப் பார்க்கவில்லை. விஞ்ஞான ரீச்சர்! அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கிலிசில் வாசித்துத் தமிழில் சொன்னார். சிலருக்கு அடக்கமுடியாத உந்துதல் வரலாம். சூதாட்டம், சாமான் வாங்குதல், தின்னுதல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தல். அப்படி வந்தால் டொக்டரிடம் சொல்லவேண்டும்.

"நீங்க கெட்டுப்போகல்ல ரீச்சர். இது மருந்துட வேலை. அல்லாஹ் காப்பாத்தினான், கடலுக்குள்ள இறங்கல்ல."

"சொன்னால் குளிசையைக் குறைப்பினம்."

"குறைச்சா நல்லதுதானே?"

அவருக்குக் கதிரையைப் பற்றித் தெரியாது. வெயில் மடியில் ஏறுவதைப் பற்றி. அவர் போனபிறகு தாளைச் சேலைக்குக் கீழே வைத்தேன்.


பெப்ரவரி 15, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து இவர் மடியில் வைத்தேன்.

"குளிசைதான் காரணம். தம்பி இல்லை. ஒரு நாளும் தம்பியில்லை."

தாளைப் பிரித்து முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். இங்கிலிஸ் தெரியாது, அந்தக் கண்ணுக்கு எழுத்தும் தெரியாது.

"நான் அவனுக்காக எண்டு நினைச்சுத்தான் வாயைத் திறக்கேல்லை."

"தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லாமல் இருந்தனான்."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அப்ப குளிசையை விடு."

"விட்டால் திரும்பவும் கதிரைதான். ஒண்டும் வேணாத ஆளா இருப்பன். உங்களையும்."

"கதிரையில நீ இருந்த ரெண்டு வருசமும் நானும் பக்கத்தில இருந்தனான். நீ காணேல்லை."

இது எனக்குத் தெரியாது. எங்கே இருந்தார்? எந்தப் பக்கம்? அந்த இரண்டு வருடத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். விறாந்தை, வெயில், சுவர். ஓரத்தில் ஒரு நிழல் இருந்திருக்கவேண்டும்.

பிறகு கேட்டார்: "என்னைத்தான் கட்டுவன் எண்டு உன்ர அப்பரோட சண்டை பிடிச்சு மூண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். அதுவும் இந்த மூளைச் சாமானாலயோ?"

யோசித்தேன். பொய் சொல்லக்கூடாது.

"ஓம். அதுவும் இதாலதான்."

"அப்ப கூடாத சாமான் இல்லை."

இரண்டு பேரும் சிரித்தோம். இவருக்குச் சிரிக்கக் கண் நொந்தது.


பெப்ரவரி 19, வியாழன்

கிளினிக். நேற்று விபூதிப் புதன், இவர் நெற்றியில் இன்னும் சாம்பல் அடையாளம்.

இந்தக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. நேரங்களை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். மற்றதை வாயால் சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். புதுக் குளிசையைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும், ஒரேயடியாக விடக்கூடாது. பழையதைக் கொஞ்சம் கூட்டலாம்.

"எல்லா ஆசையும் போயிடுமோ டொக்டர்?"

"சொல்லேலாது அம்மா. கொஞ்சம் மிஞ்சும்."

"மிஞ்சுறது என்ரையோ, மருந்தின்ரையோ?"

சிரிக்கத் தொடங்கி, நிறுத்திவிட்டார். "எனக்கும் தெரியாது அம்மா."

நல்ல பிள்ளை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவன்.


பெப்ரவரி 27, வெள்ளி

புதுக் குளிசை பாதி. உடம்பு கனம். கனவு நிறைய, எல்லாவற்றிலும் தண்ணீர்.

போத்தல் கிலுங்கினால் இன்னும் கால் வாசலுக்குப் போகிறது. ஆசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இவர் குளிசைகளைப் போத்தலில் இருந்து எடுத்து, பஞ்சு வைத்த தகரப் பேணியில் போட்டுவிட்டார். சத்தம் இல்லை.

மாலை இருவரும் கரைக்கு. பை இல்லாமல். ஒரு மஞ்சள் செருப்பு கிடந்தது. நின்றோம். இவர் என் முகத்தைப் பார்த்தார், நான் செருப்பைப் பார்த்தேன். நடந்தோம்.


மார்ச் 6, வெள்ளி

வெயில். காற்று விழுந்துவிட்டது.

பிளாஸ்டிக் எடுக்கிற லொறி வந்து செருப்புகளைக் கொண்டுபோனது. நூற்று அறுபத்து மூன்று. சோடி நாலு. பச்சைச் சோடியைப் பிலோமினா கேட்டு வாங்கினாள், அவள் காலுக்குச் சரி.

லொறி திரும்பும்வரை பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பயம். விறாந்தையில் இருந்தேன். வெயில் பாதத்தில் இருந்தது, பிறகு முழங்காலில்.

இவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். இந்தத் தரம் கண்டேன்.

மரியதாஸை நினைத்தேன். நானாக. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டில் ஏறியவன், திரும்பி ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கொஞ்சம் அழுதேன். அழவேண்டும் என்று இருந்தது.


மார்ச் 9, திங்கள்

கடல் அசையவில்லை. கா. 6.00 பழைய குளிசை ஒன்றரை. 6.30 புதியது கால் பங்கு.

இவருக்குக் கண் தெளிந்துவிட்டது. சுவரில் இவ்வளவு ஊத்தையோ என்கிறார். சமையலும் இப்போது இவர்தான், விளைமீன் குழம்பு. அகப்பையில் கொஞ்சம் கொண்டுவந்து நீட்டினார். குடித்துப் பார்த்தேன்.

"புளி காணாது."

அகப்பை அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்னனீ?"

"புளி காணாது எண்டன். இன்னும் வேணும்."

"வேணுமோ?"

"ஓம். வேணும்."

வீட்டில் புளி முடிந்துவிட்டது. சேட்டைக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார். படலையைச் சாத்தவும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொள் என்று தெருவில் இருந்து சத்தம் போடுகிறார். அடுக்களை வாசலில் இருந்து எழுதுகிறேன்.

குழம்பு பொங்குகிறது. எழும்புகிறேன்.